கையெழுத்துக்கு முன்: நிதி நிறுவனத்துக்குப் புதிய வெண்டரைச் சோதிப்பது எப்படி?

2024 ஜூலை 31 அன்று நாட்டின் பல ஊர்களில் கூட்டுறவு வங்கிகளிலும் கிராம வங்கிகளிலும் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு ஏடிஎம்மில் பணம் வரவில்லை, யுபிஐ வேலை செய்யவில்லை. ஏறத்தாழ 300 சிறு வங்கிகள் பாதிக்கப்பட்டன. கோளாறு அந்த வங்கிகளுக்குள் தொடங்கவில்லை. அவற்றுக்குத் தொழில்நுட்பச் சேவை அளித்துவந்த சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் நிறுவனம், தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு ஆளானது. தொற்று பரவிவிடாமல் இருக்க, யுபிஐ போன்ற பணப்பரிமாற்ற அமைப்புகளை நடத்தும் என்பிசிஐ, சி-எட்ஜின் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. சி-எட்ஜ் ஊர் பேர் தெரியாத நிறுவனம் அல்ல. ஸ்டேட் வங்கியும் டிசிஎஸ்ஸும் கூட்டாகத் தொடங்கியது. தாக்குதலின் தொடக்கம் அங்குகூட இல்லை, அதனுடன் சேர்ந்து பணியாற்றிய புரோன்டூ டெக்னாலஜி சொல்யூஷன்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தில் சரியாக அமைக்கப்படாத ஒரு சர்வரில் இருந்தது என்று கிளவுட்செக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் தன் ஆய்வில் தெரிவித்தது.

ஏடிஎம் வாசலில் நின்றவர்களில் யாருக்கும் இந்தப் பெயர்கள் தெரிந்திருக்காது. அவர்கள் நம்பியது தங்கள் ஊர் வங்கியை. திட்டியதும் அதைத்தான். அது நியாயம்தான்.

நீங்கள் ஒரு நகைக்கடன் நிறுவனத்திலோ, வாகனக்கடன் கொடுக்கும் சிறு நிதி நிறுவனத்திலோ புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் மேலாளர் ஒரு கோப்பை உங்கள் மேசையில் வைத்து, "இந்த வெண்டரைச் சரிபார்த்துவிடுங்கள்" என்கிறார். வெண்டர் என்றால் நமக்குப் பொருளோ சேவையோ தரும் வெளி நிறுவனம் அல்லது ஆள். எங்கே தொடங்குவது? எதைப் பார்ப்பது? தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர அளவு நிதி நிறுவனத்தில் இந்த வேலையைச் செய்து கற்றதை எழுதுகிறேன். நாமக்கல்லில் லாரிக்கடன் கொடுப்பவருக்கும் கும்பகோணத்தில் நகைக்கடன் கொடுப்பவருக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும்.

முதலில் தேதியைப் பாருங்கள்

எந்தத் தாளையும் படிப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: ஒப்பந்தம் ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்டுவிட்டதா? முன்பணம் போய்விட்டதா?

என் முதல் ஆண்டில் இப்படி ஒரு கோப்பு வந்தது. கடன் கணக்குகளை நிர்வகிக்கும் மென்பொருள். தொடக்க விழாவுக்குப் பத்து நாள் இருந்தது. அழைப்பிதழ்கூட அச்சாகிவிட்டது. நான்கு பக்கச் சோதனைப் படிவத்தை என்னிடம் கொடுத்தார்கள். எல்லாக் கட்டத்திலும் 'சரி' என்று குறியிட்டுக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து அந்த நிறுவனத்தின் முக்கிய மென்பொருளாளர் விலகினார். அதன்பின் எங்கள் சொந்த வாடிக்கையாளர்களின் கணக்குகளை நாங்கள் படிக்கக்கூடிய வடிவில் திரும்பப் பெறுவதற்குள் இரண்டு தணிக்கைக் காலாண்டுகள் ஓடிவிட்டன. அந்த நிறுவனம் இரண்டு ஆண்டுகளாக அரசுக்கு ஆண்டுக் கணக்கே தாக்கல் செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முதல் நாளே பத்து நிமிடத்தில் பார்த்திருக்கக்கூடிய செய்தி அது.

'வேண்டாம்' என்று சொல்ல இடம் இருக்கும்போது செய்வதுதான் சோதனை. முடிவு எடுத்த பிறகு செய்வது கோப்பை நிரப்பும் வேலை. ஆகவே புதிதாக வருபவர் தன் மேலாளரிடம் முதலில் பேசி வாங்கவேண்டிய உறுதி ஒன்று உண்டு: விலை பேசும் கட்டத்திலேயே, குறைந்தது இரண்டு வெண்டர்கள் களத்தில் இருக்கும்போதே, கோப்பு உங்களிடம் வரவேண்டும். இது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

எவ்வளவு தோண்டுவது?

எல்லா வெண்டரையும் ஒரே அளவு சோதிக்க யாருக்கும் நேரம் இல்லை. தேவையும் இல்லை. நான்கு கேள்விகளைக் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் விவரங்கள் இவர் கைக்குப் போகுமா? வாடிக்கையாளரின் பணமோ நகையோ இவர் கையில் படுமா? நம் பெயரைச் சொல்லி வாடிக்கையாளரிடம் இவர் பேசுவாரா? இவர் நாளைக் காலை வராவிட்டால் நம் கிளை திறக்குமா?

நான்குக்கும் பாதகமில்லாத பதில் என்றால் தண்ணீர் கேன் போடுபவரைப் போல அவரை எளிதாகச் சேர்க்கலாம். பெயர், வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி போதும். ஒன்றுக்காவது சிக்கலான பதில் வந்தால் முழுச் சோதனை. தொகையை வைத்து மட்டும் பிரிக்காதீர்கள். பழைய காகிதத்தை எடைக்கு எடுத்துச் செல்பவருக்கு நாம் பணம் கொடுப்பதே இல்லை, அவர்தான் நமக்குக் கொடுக்கிறார். ஆனால் அந்த மூட்டையில் ஆதார் நகலும் கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவமும் இருக்கலாம். வடை மடித்துக் கொடுத்த காகிதத்தில் யாரோ ஒருவரின் விண்ணப்பத்தைப் பார்த்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கணக்கில் வராத வெண்டர்தான் பல இடங்களில் பெரிய ஓட்டை.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். சில வேலைகளை வெளியே கொடுக்கவே கூடாது. வங்கியல்லா நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2017 நவம்பர் 9 அன்று வெளியிட்ட நெறிமுறைகள், உள்தணிக்கை, கொள்கை முடிவு, விதிகளைப் பின்பற்றுவதற்கான பொறுப்பு, கேஒய்சி (வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்பு) சரியாக உள்ளதா என்று தீர்மானிப்பது, கடனுக்கு ஒப்புதல் தருவது ஆகியவற்றை நிறுவனமே வைத்துக்கொள்ள வேண்டும் என்றன. விண்ணப்பத்தைத் திரட்டித் தர வெளியாள் இருக்கலாம். கடன் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய வெளியாள் இருக்க முடியாது. தகவல்தொழில்நுட்ப வேலைகளுக்கெனத் தனி உத்தரவு 2023 ஏப்ரலில் வந்து அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது பெரிய, நடுத்தர அடுக்கு நிறுவனங்களுக்கானது. சிறு நிறுவனமாக இருந்தாலும் அதை எடுத்து ஒருமுறை படியுங்கள். கேட்கவேண்டிய கேள்விகள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. ரிசர்வ் வங்கி தன் உத்தரவுகளை 2025 நவம்பரில் மொத்தமாகத் தொகுத்து வெளியிட்டிருப்பதால், பழைய சுற்றறிக்கையின் நகலை அலமாரியிலிருந்து எடுக்காமல் தளத்தில் இப்போதுள்ள பதிப்பையே பாருங்கள்.

ஆள் உண்மையிலேயே அவர்தானா?

இங்கேதான் புதியவர் அதிக நேரம் செலவிட வேண்டும். காசு செலவில்லாமல் நிறையத் தெரிந்துகொள்ள முடிகிற இடமும் இதுதான்.

ஜிஎஸ்டி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த வெண்டரின் பான் எண். வெண்டர் தனியாகக் கொடுத்த பான் அட்டையோடு இது பொருந்துகிறதா என்று பாருங்கள். பான் எண்ணின் நான்காம் எழுத்து அவர் என்ன வகை என்று சொல்லிவிடும்: கம்பெனிக்கு 'சி', கூட்டு நிறுவனத்துக்கு 'எஃப்', தனிநபருக்கு 'பி'. லெட்டர்பேடில் 'பிரைவேட் லிமிடெட்' என்று பெரிதாக இருந்து, பான் எண் தனிநபருடையதாக இருந்தால் அங்கேயே நின்று விளக்கம் கேளுங்கள். பிறகு ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் பதிவு நடப்பில் உள்ளதா, எந்த மாதம் வரை ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்கிறார் என்பது தெரியும். ஆறு மாதமாகத் தாக்கல் இல்லாத ஒருவர் நம்மிடம் வரியோடு பில் போட்டால், அந்த வரி அரசுக்குப் போகுமா என்பது பெரிய கேள்வி.

கம்பெனி என்றால் சிஐஎன் என்ற 21 இலக்கப் பதிவு எண் இருக்கும். அதில் மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து வரும் நான்கு இலக்கம் கம்பெனி பதிவான ஆண்டு. "பதினைந்து ஆண்டு அனுபவம்" என்று விளம்பரத்தாள் சொல்லி, எண்ணில் 2023 என்று இருக்கலாம். உடனே பொய் என்று முடிவு கட்டவேண்டாம். கூட்டு நிறுவனமாக நெடுநாள் நடத்தியவர் கம்பெனியாக மாற்றியிருக்கலாம். கேட்டால் நேர்மையானவர் பழைய பத்திரத்தை எடுத்துக் காட்டுவார்.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் இயக்குநர்கள் யார், கடைசியாக எந்த ஆண்டுக் கணக்கு தாக்கலானது, சொத்தை அடமானம் வைத்து எந்த வங்கியிடம் கடன் வாங்கியிருக்கிறது என்பவை கிடைக்கும். இயக்குநர்களின் பெயரைப் பிடித்து அவர்கள் வேறு எந்தக் கம்பெனிகளில் இருந்தார்கள், அவை இப்போது என்ன ஆயின என்று பாருங்கள். மூன்று கம்பெனிகளைத் தொடங்கி மூன்றும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டிருந்தால், நான்காவதற்கு நம் வாடிக்கையாளரின் ஆதாரைக் கொடுக்குமுன் யோசிக்க வேண்டாமா? இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டு வழக்குகளைத் தேடுங்கள். வழக்கு இருப்பது குற்றமல்ல, தொழில் செய்பவருக்கு வழக்கு வரும். எந்த வகை வழக்கு என்பதுதான் முக்கியம். காசோலை திரும்பிய வழக்குகள் வரிசையாக இருந்தால் அது ஒரு கதை சொல்கிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று வருங்கால வைப்புநிதி அமைப்பின் தளம். அதில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் ஒவ்வொரு மாதமும் எத்தனை ஊழியர்களுக்குப் பணம் கட்டப்பட்டது என்று தெரியும். "எங்களிடம் 80 வசூல் பணியாளர்கள்" என்று சொன்னவர் 11 பேருக்குத்தான் பணம் கட்டியிருக்கிறார் என்றால், மீதி 69 பேர் யார்? அவர்களை வேலைக்கு எடுத்தது யார்? அந்தக் கேள்வியிலிருந்து உள்குத்தகைக்காரர்கள் வெளியே வருவார்கள்.

இதோடு ஒரு சங்கடமான கேள்வி. இந்த வெண்டர் நம் இயக்குநருக்கோ, கொள்முதல் செய்பவருக்கோ, அவர்கள் உறவினருக்கோ வேண்டியவரா? மைத்துனர், சம்பந்தி, பழைய பங்காளி என்று நம் ஊரில் வணிகம் உறவோடு பின்னிக் கிடக்கிறது. உறவு இருப்பதாலேயே ஒருவர் மோசமானவர் ஆகிவிடமாட்டார். ஆனால் அது எழுத்தில் வரவேண்டும், தேர்வு செய்யும் கூட்டத்தில் அந்த உறவினர் உட்காரக்கூடாது. வாய்வார்த்தையாகக் கேட்டால் இருவருக்கும் கூச்சம். எல்லா வெண்டருக்கும் ஒரே உறுதிமொழிப் படிவத்தை நீட்டிவிட்டால் யாரையும் தனியாகக் கேட்டதாகாது.

நிற்கிற நிறுவனமா?

மூன்று ஆண்டு நிதி அறிக்கை கேளுங்கள். லாபத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். கையில் பணம் வருகிறதா, வரவேண்டிய பாக்கி ஆண்டுக்கு ஆண்டு வீங்குகிறதா, வருமானத்தில் பெரும்பங்கு ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறதா, தணிக்கையாளர் நடுவில் மாறியிருக்கிறாரா, அவர் எழுதிய குறிப்பு என்ன என்று பாருங்கள். பின்னிணைப்புகளில் சின்ன எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

தணிக்கை செய்த கணக்கு என்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் எழுதிய கடிதத்தில், ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பே, 2008 டிசம்பரில், உலக வங்கி அந்த நிறுவனத்தைத் தன் ஒப்பந்தங்களிலிருந்து எட்டு ஆண்டுகளுக்கு விலக்கிவைத்த செய்தி வெளியாகிவிட்டது. வங்கியின் ஊழியர்களுக்கு முறையற்ற சலுகைகள் அளித்தது என்பது காரணம். இருப்புநிலை அறிக்கை பளபளவென்று இருந்தபோது செய்தித்தாளில் எச்சரிக்கை இருந்தது. ஆகவே வெண்டரின் பெயரைச் செய்திகளிலும் தேடுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும்.

ஒருவர் மட்டும் நடத்தும் சிறு தொழிலிடம் மூன்று ஆண்டு இருப்புநிலை அறிக்கையைக் கேட்டு நெருக்காதீர்கள். வருமானவரி ரிட்டர்னும் வங்கிக் கணக்கு அறிக்கையும் போதும். உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள சிறு, குறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். ஒழுங்காகப் பணம் தராத நிறுவனத்துக்கு ஒழுங்கான வெண்டர் நிலைக்கமாட்டார்.

தகவல் பாதுகாப்பு: 'உண்டா' என்று கேட்காதீர்கள்

"பேக்கப் உண்டா?" என்று கேட்டால் உலகத்தில் எல்லா வெண்டரும் "உண்டு" என்பார்கள். "கடைசியாக எந்தத் தேதியில் பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள்? எத்தனை மணி நேரம் ஆயிற்று? அந்தப் பதிவைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். "கடவுச்சொல் பாதுகாப்பு உண்டா?" என்பதற்குப் பதில், "போன மாதம் வேலையை விட்டுப் போனவரின் அனுமதி எந்த நாளில் ரத்தானது?" என்று கேளுங்கள். தெரிந்தவர் தேதி சொல்வார். தெரியாதவர் கொள்கை சொல்வார்.

சான்றிதழ்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழ் ஒன்றைக் காட்டினால் மூன்றைப் பாருங்கள். முதலாவது, எந்தப் பதிப்பு. 2013 பதிப்பிலிருந்து 2022 பதிப்புக்கு மாறவேண்டிய கெடு 2025 அக்டோபர் 31-உடன் முடிந்துவிட்டது. இன்னும் 2013 என்று இருந்தால் அது சுவரில் மாட்டும் படம்தான். இரண்டாவது, எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் வரி. பெங்களூர் அலுவலகத்தின் மனிதவளப் பிரிவுக்கு வாங்கிய சான்றிதழ், நம் தரவு இருக்கும் சர்வருக்குப் பொருந்தாது. மூன்றாவது, வழங்கியவர் அங்கீகாரம் பெற்றவரா என்பது. எஸ்ஓசி 2 அறிக்கை (பாதுகாப்பு ஏற்பாடுகளை வெளித் தணிக்கையாளர் பார்த்து எழுதுவது) கொடுத்தால் வகை ஒன்றா இரண்டா என்று கேளுங்கள். முதல் வகை ஒரு குறிப்பிட்ட நாளில் ஏற்பாடுகள் எப்படி வடிவமைக்கப்பட்டிருந்தன என்பதைச் சொல்லும். இரண்டாம் வகை பல மாதங்கள் அவை உண்மையில் நடந்தனவா என்று சோதித்ததைச் சொல்லும். வகை ஒன்றைக் காட்டும் புதிய நிறுவனத்தை ஒதுக்கவேண்டாம்; இரண்டாவது எப்போது வரும் என்று ஒப்பந்தத்தில் தேதி போடுங்கள்.

கணினிக்குள் வெளியாள் புகமுடிகிறதா என்று பார்க்கும் ஊடுருவல் சோதனையின் அறிக்கை கேளுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கையாளர்களின் பட்டியல் பொதுவில் இருக்கிறது. அதில் உள்ளவர் செய்ததா என்று பாருங்கள். குறைகளே இல்லாத அறிக்கை எனக்கு நம்பிக்கை தருவதில்லை. குறைகள் கண்டுபிடிக்கப்பட்டு, சரிசெய்யப்பட்டு, மறுபடி சோதித்து மூடப்பட்டதாகக் காட்டும் அறிக்கைதான் வேலை நடந்த அறிக்கை.

விபத்து நடந்தால் எவ்வளவு நேரத்தில் சொல்வார்கள்? 2022 ஏப்ரலில் செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைத் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். நமக்கே ஆறு மணி நேரம்தான் என்னும்போது, வெண்டர் "இரண்டு வேலை நாளில் தெரிவிப்போம்" என்று எழுதிக்கொடுத்தால் அது ஏற்கமுடியாத வரி. நள்ளிரவில் யாரை அழைப்பது என்று பெயரும் எண்ணும் வாங்குங்கள். வாங்கிய எண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் பாருங்கள்.

பிறகு, வெண்டருக்கு வெண்டர் யார்? நம் தரவைத் தொடும் ஒவ்வொரு துணை நிறுவனத்தின் பெயரும் வேண்டும். சி-எட்ஜ் சம்பவம் இதைத்தான் காட்டியது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பொறுப்பை நம்மீதே வைக்கிறது. நம் சார்பில் தரவைக் கையாள்பவர் தவறினாலும் பதில் சொல்லவேண்டியவர்கள் நாம். போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

நம் பெயரில் வாசலுக்குப் போகிறவர்கள்

கணினி வெண்டரைச் சோதிக்க நூறு கேள்வி வைத்திருக்கும் நிறுவனங்கள்கூட வசூல் முகவரை ஒரு அறிமுகக் கடிதத்தோடு சேர்த்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இது பொறுக்கமுடியாத ஒன்று. 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக் பகுதியில் டிராக்டர் கடன் வசூலுக்கு ஆட்கள் போன இடத்தில், ஒரு விவசாயியின் கர்ப்பிணி மகள் டிராக்டரில் அடிபட்டு இறந்தார். அதன்பின் ரிசர்வ் வங்கி, மகிந்திரா ஃபைனான்ஸ் நிறுவனம் வெளி முகவர்கள் மூலம் கடன் வசூலிக்கவோ வாகனத்தைக் கைப்பற்றவோ கூடாது என்று தடை விதித்தது. தடை 2023 ஜனவரியில் நீங்கியது. இறந்தவர் திரும்பவில்லை.

ஆகவே வசூல் முகவர் நிறுவனத்தைச் சேர்க்கும்போது அலுவலகச் சான்றுகளோடு நின்றுவிடாதீர்கள். நேரில் களத்துக்குப் போகப்போகிறவர்களின் பெயர்ப்பட்டியல், ஒவ்வொருவருக்கும் காவல்துறை சரிபார்ப்பு, கடன் வசூல் முகவர்களுக்கு ஐஐபிஎஃப் என்ற வங்கித்துறைப் பயிற்சி நிறுவனம் தரும் சான்று, புகைப்பட அடையாள அட்டை, நாம் தரும் அதிகாரக் கடிதம் ஆகியவற்றைக் கேளுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அழைக்கக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொன்னது. சம்பளம் எப்படி என்று கேளுங்கள். வசூலான தொகையில் கமிஷன் மட்டும்தான் என்றால், வாசலில் நின்று கத்துவதற்கு அவருக்கு ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டோம். அவர்களின் தொலைபேசிக் கூடத்தில் ஒரு முழுக் காலை உட்கார்ந்து பேச்சைக் கேளுங்கள். வேறு எந்த ஆவணமும் சொல்லாததை அந்த மூன்று மணி நேரம் சொல்லிவிடும்.

நகை மதிப்பீட்டாளரும் இதே வகை. 2024 செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி நகைக்கடன் நிறுவனங்களில் தான் கண்ட குறைகளைச் சுற்றறிக்கையாக எழுதியது. கடன் திரட்டவும் மதிப்பிடவும் வெளியாட்களைப் பயன்படுத்துவதில் உள்ள குறைபாடுகள், வாடிக்கையாளர் இல்லாதபோது நகையை மதிப்பிடுவது ஆகியவை அதில் இருந்தன. மதிப்பீட்டாளர் பெரும்பாலும் அதே தெருவில் நகைக்கடையோ பட்டறையோ வைத்திருப்பவர். உரைகல்லில் அவர் கை தேர்ந்ததுதானா என்று பார்ப்பது எளிது: தூய்மை ஏற்கெனவே தெரிந்த நாலைந்து உருப்படிகளைக் கொடுத்துப் பாருங்கள். கடினமான கேள்வி வேறு. நம் கிளை ஏலம் விடும் நகையை அவரோ அவர் அண்ணன் தம்பியோ எடுக்கிறார்களா? எடுத்தால் குறைத்து மதிப்பிடுவதில் அவருக்கு லாபம் இருக்கிறது. கடன் கேட்டு வருபவருக்கு அவர் வேண்டியவராக இருந்தால் கூட்டி மதிப்பிடுவார். இரண்டு பக்கமும் கேளுங்கள். ஒரே மதிப்பீட்டாளரை ஒரே கிளையில் ஆண்டுக்கணக்கில் விடாமல் மாற்றுங்கள், அவர் பார்த்த பொட்டலங்களில் சிலவற்றை இன்னொருவரைக் கொண்டு திடீரென்று திறந்து பாருங்கள்.

நேரில் போங்கள், பிரிந்தவரிடம் பேசுங்கள்

வெண்டர் கொடுக்கும் மூன்று பரிந்துரைப் பெயர்களும் அவரைப் புகழும். அழைத்துப் பேசுங்கள், ஆனால் அதோடு "கடந்த இரண்டு ஆண்டுகளில் உங்களை விட்டு விலகிய ஒரு வாடிக்கையாளரின் பெயர் கொடுங்கள்" என்று கேளுங்கள். நல்ல வெண்டர் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுப்பார். அந்த ஆளிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: பிரிந்தபோது உங்கள் தரவைத் திருப்பித் தந்தார்களா?

முகவரிக்குச் சொல்லாமல் ஒருமுறை, சொல்லிவிட்டு ஒருமுறை போங்கள். மேசைமேல் வேறு நிறுவனத்தின் கேஒய்சி நகல்கள் பரப்பிக் கிடந்தால், நாளை நம்முடையதும் அப்படித்தான் கிடக்கும்.

ஒப்பந்தம்

வழக்கறிஞர் எழுதுவார் என்று விட்டுவிடாதீர்கள். அவர் சட்டத்தைப் பார்ப்பார், உங்கள் சோதனையில் தெரிந்தவை அவருக்குத் தெரியாது. நாமும் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்களும் வெண்டரின் அலுவலகத்தையும் பதிவுகளையும் பார்க்கும் உரிமை, நம் எழுத்து அனுமதியின்றி உள்குத்தகை கூடாது என்பது, சம்பவ அறிவிப்புக்கு மணிக்கணக்கிலான கெடு, தரவு நம் சொத்து என்ற தெளிவான வரி, விலகும்போது எந்த வடிவில் எத்தனை நாளில் திருப்பித் தருவார் என்பது ஆகியவை இருக்கின்றனவா என்று நீங்களே வரிவரியாகப் பாருங்கள். முக்கியமான மென்பொருளுக்கு அதன் மூலநிரலை மூன்றாம் தரப்பிடம் காப்பாக வைக்கும் ஏற்பாடும் வேண்டும். என் முதல் ஆண்டுக் கோப்பில் இந்தக் கடைசி இரண்டும் இல்லை.

உங்கள் முடிவை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: சேர்க்கலாம், இன்னின்ன நிபந்தனையோடு சேர்க்கலாம், வேண்டாம். என்ன பார்த்தீர்கள், எந்தத் தேதியில், எது கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். மேலே இருப்பவர் உங்கள் 'வேண்டாம்' என்பதை மீறிச் சேர்க்கலாம். அது அவர் உரிமை. அவர் கையெழுத்து அந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் பணம் போகும் முன்

வங்கிக் கணக்கை ரத்து செய்த காசோலையால் மட்டும் நம்பாதீர்கள். ஒரு ரூபாய் அனுப்பி, வங்கியில் பதிவான பெயர் என்ன என்று பாருங்கள். பின்னாளில் "எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். முதல் நாள் கோப்பில் எழுதிவைத்த எண்ணை அழைத்து, தெரிந்த குரலிடம் கேளுங்கள். மாற்றத்தைப் பதிவதும் ஒப்புவதும் இரண்டு வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் பல கணக்குகளில் கரைந்துவிடும்.

சேர்த்த பிறகு

வெண்டர் பதிவேடு ஒன்று வைத்து, ஒவ்வொரு சான்றிதழும் காலாவதியாகும் தேதிக்கு 60 நாள் முன்பே நினைவூட்டல் வரும்படி செய்யுங்கள். முழுச் சோதனை தேவைப்பட்டவர்களை ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகப் பாருங்கள். மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று ஆண்டு இடைவெளி போதும். இயக்குநர் மாறினாலும், நிறுவனம் கைமாறினாலும், வேலையின் அளவு கூடினாலும் ஆண்டு முடியும்வரை காத்திருக்காதீர்கள். எஸ்எம்எஸ் அனுப்ப மட்டும் சேர்த்த ஒருவர் ஒரு வருடத்தில் வாடிக்கையாளர் முகவரி, கடன் நிலுவை எல்லாம் வைத்திருப்பவராக மாறியிருப்பார். யாரும் தவறாக எதுவும் செய்திருக்கமாட்டார்கள், ஒவ்வொரு வாரமும் ஒரு சின்ன வேலை கூடியிருக்கும்.

வெண்டரின் பெயரில் வாடிக்கையாளர் புகார் வந்தால் அது கிளையில் தீர்ந்தாலும் உங்கள் கோப்புக்கு ஒரு நகல் வரவேண்டும். மூன்று கிளைகளிலிருந்து ஒரே முகவரைப் பற்றி மூன்று சிறு புகார்கள் வந்திருந்தும், அவை மூன்று மேசைகளில் தனித்தனியே கிடந்ததால் யாருக்கும் தெரியாமல் போன கதை எல்லா நிறுவனத்திலும் உண்டு.

உறவு முடியும் நாளுக்கும் ஒரு பட்டியல் வைத்திருங்கள். தரவு முழுவதும் திரும்ப வந்து, திறந்து, எண்ணிக்கை சரிபார்க்கப்பட்டதா? பேக்கப் உட்பட அவர்களிடமுள்ள நகல்கள் அழிக்கப்பட்டதற்கான எழுத்துச் சான்று வந்ததா? நம் கணினிகளில் அவர்களுக்கு இருந்த அனுமதிகள் அன்று மாலைக்குள் மூடப்பட்டனவா? அதிகாரக் கடிதங்களையும் அடையாள அட்டைகளையும் எண்ணி வாங்குங்கள். கொடுத்தது 14 என்றால் 14-உம் கைக்கு வரும்வரை கடைசி பில்லை ஒப்பவேண்டாம்.